எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 38 பிள்ளைகள்: எதைக் காட்டுவது?

திருவள்ளூர் டீச்சர்:
திருவள்ளூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் 38 பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதே போல் கூட்டிப் போய், எல்லாக் கூடங்களையும் ஓட்டமும் நடையுமாக முடித்தோம். திரும்பும்போது பஸ்ஸில் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "ஐஸ்" என்றான் ஒருவன். வாசலில் விற்றதாம். அவனைத் திட்ட மனம் வரவில்லை. சிலைக்கு முன்னால் நின்றால் எனக்கே பேச்சு வராது. எங்கே தொடங்குவது?

பழைய டிராயிங் மாஸ்டர்:
என் பாட்டி அந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்பார். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. சென்னை ஜனங்கள் வைத்த பெயர்கள்தான். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்: 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் கூட்டம் சேர்த்தவர்.

அம்மா, எல்லாவற்றையும் காட்டாதீர்கள். உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார், திருவாலங்காட்டு நடராஜர். அவரைப் பார்த்தால் போதும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை நடராஜர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்தே மயங்கி எழுதினார். உங்கள் பிள்ளைகளுக்கு நேரிலேயே கொடுப்பினை.

பென்சிலும் அட்டையும் கொடுத்து இருபது நிமிடம் உட்கார வையுங்கள். பெயர்ப்பலகையைப் படிக்க விடாதீர்கள். நான் அப்படித்தான் செய்வேன். ஒருமுறை ஒரு பெண் வரைந்துகொண்டே, "சார், சுற்றி நெருப்பு வளையம் எங்கே?" என்று கேட்டாள். அந்தச் சிலைக்குத் திருவாசி இல்லை. எத்தனையோ தடவை பார்த்தவன் நான்; அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது.

பச்சைக்களிம்பு:
டீச்சர், சிலைக்கு முன்னால் உங்களுக்கா பேச்சு வராது? அங்கே இருப்பது உங்கள் பாடம்தான். மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் வெளிர்பச்சைப் பொடி கிளம்பி, உலோகத்தைக் குழி குழியாகத் தின்னத் தொடங்கும். 1930-களில் அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் பரமசிவன் என்ற வேதியியலாளர், காஸ்டிக் சோடா கரைசலில் சிலையையே எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்திக் களிம்பை நீக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் வண்ணங்களை ஆராய்ந்தவரும் அவரே. போவதற்கு ஒரு வாரம் முன்பு, செம்புக் கம்பியை உப்புத் தண்ணீரில் நனைத்து வகுப்பு ஜன்னலில் வைத்துவிடுங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.

கல் பொறுக்கி:
மாஸ்டர் ஐயா மன்னிக்க வேண்டும், இன்னொரு பொருளையும் சேர்க்கிறேன்: கற்காலக் கைக்கோடரி. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அது உங்கள் மாவட்டம். அங்கு கிடைத்தவற்றில் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஃபுட்டின் சேகரிப்பு எழும்பூருக்குத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். எந்தெந்தக் கூடங்கள் திறந்திருக்கும் என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர் டீச்சர்:
நல்ல வேளை, வெள்ளிக்கிழமை என்றுதான் எழுதி வைத்திருந்தேன்! சனிக்கிழமையாக மாற்றித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். கம்பி ஜன்னலில் இருக்கிறது. அத்திரம்பாக்கத்தை அடுத்த பூண்டிப் பக்கமிருந்து வரும் மூன்று பையன்களிடம் இன்று கைக்கோடரியின் படத்தைக் காட்டினேன். "இந்த மாதிரிக் கல் எங்கள் பக்கமே கிடக்கும் டீச்சர். இதற்கா எழும்பூர் போகிறோம்?" என்கிறான் ஒருவன். நாளைக்கு ஒன்று கொண்டு வருகிறானாம்.