ஒரு வண்டி எரு, ஒரு மூட்டை யூரியா: கணக்குத் தெரிந்தவர்கள் வரவும்

கரிசல்காட்டான் (அம்பத்தூர்):
நேற்று இங்கே ஒருவர், "ஒரு வண்டி எரு போட்டால் ஒரு மூட்டை யூரியா மிச்சம், மானாவாரியில் (மழையை மட்டும் நம்பி) விளையும் கம்புக்கு உரக்கடைப் பக்கமே போக வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து டீகூட இறங்கவில்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். தொழுவுரத்தில் அரை சதவீதம்தான், டன்னுக்கு 5 கிலோ. மூட்டைக்கு 4 டன் எரு. உங்கள் வண்டி என்ன, லாரியா?

மாடித்தோட்டம் (வேளச்சேரி):
எழுதியது நான்தான் சார். வண்டி என்றால் வண்டி. உத்திரமேரூர் பக்கம் என் தாத்தா எருவில்தான் கேழ்வரகு எடுத்தார்.

கரிசல்காட்டான்:
தாத்தாவுக்கு எத்தனை மாடு மேடம்? ஏக்கருக்கு 5 டன் எரு என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ரெண்டு மாடு வைத்திருப்பவன் எங்கே போவான்? நான் எருவே வேண்டாம் என்றேனா? பெங்களூரில் 1978இலிருந்து மானாவாரிக் கேழ்வரகில் எரு, உரம் ரெண்டையும் போட்டுப் பார்க்கிறார்கள். ரசாயன உரம் மட்டும் போட்ட பாத்தியில் வருஷம் போகப்போக விளைச்சல் இறங்கியது. எருவும் உரமும் சேர்த்த பாத்திதான் தாக்குப்பிடித்தது.

செம்மண் தம்பி (தாம்பரம்):
அப்ப எருதானே ஜெயித்தது?

கரிசல்காட்டான்:
"சேர்த்த" என்று எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுப் படிங்க தம்பி. போன மாதம் பஞ்சகவ்யத்துக்கும் இப்படித்தான் பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தீர்கள்.

செம்மண் தம்பி:
அதை இன்னும் மறக்கலையா அண்ணே? சரி, மழை இல்லாமல், வளர்ந்து நிற்கும் பயிருக்கு யூரியாவை மேலுரமாகப் போட்டால் என்ன ஆகும், அதைச் சொல்லுங்க.

கரிசல்காட்டான்:
ஒரு பங்கு காற்றோடு போகும். போன ஐப்பசியில் எங்கள் சோளத்துக்கே அதுதான் நடந்தது. ஆனால் அதே காட்டில் ஆட்டுக்கிடை போட்ட (ராத்திரி ஆடுகளை அடைத்து எருவிட்ட) துண்டு மட்டும் கரும்பச்சையாக, வெயிலில் வாடாமல் நின்றது. ஈரத்தைப் பிடித்துவைப்பது எரு. பயிருக்கு உடனே கை கொடுப்பது யூரியா. எருவில் இருப்பது முழுக்க முதல் வருஷமே கிடைக்காது, அதனால்தான் ரெண்டும்.

மாடித்தோட்டம்:
பாருங்கள், கிடை போட்ட இடம்தான் நின்றதாம்! நான் சொன்னதும் அதேதான்.

கரிசல்காட்டான்:
நீங்கள் சொன்னது வண்டிக் கணக்கு.

மூன்றாம் மாடி (மாம்பலம்):
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மொட்டைமாடியில் ஒருவர் மக்காத சாணத்தைக் கொட்டி கறையான் படியேறுகிறது. அசோசியேஷனில் என்ன சொல்வது?

மாடித்தோட்டம்:
என்னைத்தான் குத்துகிறீர்கள் என்று புரிகிறது. என் எரு நன்றாக மக்கியது, மூட்டையில் வாங்கியது.

கரிசல்காட்டான்:
மூட்டையிலா! வண்டி எங்கே போச்சு?

செம்மண் தம்பி:
அண்ணே, மாட்டுவண்டியா டிராக்டரா என்று யாராவது முதலில் சொல்லுங்களேன்.

மாடித்தோட்டம்:
வண்டி என்றால் வண்டி.

கரிசல்காட்டான்:
எத்தனை கிலோ?