அல்ஹம்து சூராவுக்கு 40 நிமிடம்

அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆன் ஓதும் ஒழுக்கத்தில் எனக்கு நேர்ந்த சிலவற்றை எழுதுகிறேன்.

சிறு வயதிலேயே ஓதி முடித்தவன் நான். ரமளானில் இரண்டு கத்மு, அதாவது குர்ஆனை இரண்டு முறை முழுமையாக ஓதி முடிப்பேன். அந்தக் கணக்கே எனக்கு நிறைவாக இருந்தது. என் 38ஆம் வயதில், மகனைத் தஜ்வீத் (குர்ஆனைத் திருத்தமாக ஓதும் முறை) வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில் உஸ்தாத் (ஆசிரியர்), "நீங்களும் ஒரு முறை ஓதிக் காட்டுங்களேன்" என்றார். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா, ஏழே ஆயத்து (வசனம்). தயங்காமல் தொடங்கினேன்.

முதல் சொல்லிலேயே கையை உயர்த்தினார். "அல்ஹம்து"வில் வரும் 'ஹா' தொண்டையின் நடுவில் பிறப்பது. நான் சொன்னதோ தொண்டையின் அடியிலிருந்து வரும் வேறொரு 'ஹா'. தம் தொண்டையில் விரலை வைத்து இடத்தைக் காட்டினார். பத்துத் தடவைக்கு மேல் சொல்ல வைத்தார். தட்டுத் தடுமாறி ஏழாம் ஆயத்துக்கு வந்தபோது, வேகத்தில் "அன்அம்த" என்பதை உதட்டைக் குவித்து "அன்அம்து" என்று விட்டேன். உஸ்தாத் கடிந்துகொள்ளவில்லை. மெல்லிய குரலில் சொன்னார்: "அன்அம்த என்றால் நீ அருள் புரிந்தாய். அன்அம்து என்றால் நான் அருள் புரிந்தேன். யார் முன்னால் நின்று இதைச் சொல்கிறீர்கள், யோசியுங்கள்."

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. எத்தனை ஆண்டுத் தொழுகையில் இப்படி ஓதியிருப்பேனோ! எழுத்தோ உயிர்க்குறியோ மாறிப்போகும் இந்த வெளிப்படையான பிழைக்கு லஹ்ன் ஜலீ என்று பெயர் என்பதையே அன்றுதான் அறிந்தேன். "குல் ஹுவல்லாஹு அஹத்" என்பதில் வரும் 'காஃப்' அடிநாக்கில் பிறக்க வேண்டும். சற்று முன்னால் நழுவினால் 'சொல்வீராக' என்பது 'உண்பீராக' என்றாகிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கு'தான். ஆகவே தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதியதை மட்டும் பார்த்து ஓதுகிறவர்கள், தயவுசெய்து ஓதத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து வாய்வழியாகக் கேட்டுப் பழகுங்கள்.

ஓதத் தொடங்கும்போது அஊது (ஷைத்தானிடமிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடும் சொற்கள்) சொல்வது, தவ்பா நீங்கலாக மற்ற 113 சூராக்களின் தொடக்கத்திலும் பிஸ்மில்லாஹ் சொல்வது, முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை)த் தொடுவதற்கு உளூ (கை, முகம், கால் கழுவித் தூய்மை செய்தல்), கொட்டாவி வந்தால் நிறுத்திவிட்டுத் தொடர்வது ஆகியவை பலருக்கும் தெரிந்தவைதாம். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு.

ஒரு நாள் பள்ளிவாசலில் தனியாக அமர்ந்து குரலெடுத்து ஓதிக்கொண்டிருந்தேன். இரண்டு ஸஃப் (வரிசை) முன்னால் ஒரு பெரியவர் தொழுதுகொண்டிருந்தார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் எழுந்து வந்து என் அருகில் உட்கார்ந்தார். "தம்பி, எத்தனை ரக்அத் தொழுதேன் என்பது மறந்துபோய்விட்டது" என்றார் (ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று). அவ்வளவுதான் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாஃப் (வழிபாட்டுக்காகத் தங்குதல்) இருந்தபோது, தோழர்கள் உரக்க ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனோடு உரையாடுகிறீர்கள், ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள் என்று சொன்ன செய்தி நபிமொழித் தொகுப்பான அபூதாவூதில் இருக்கிறது. அதைப் பிறகுதான் படித்தேன். கைபேசியின் அழைப்பொலியாகக் கிராஅத்தை (குர்ஆன் ஓதலை) வைத்து, ஆயத்தின் பாதியில் துண்டிப்பதும் எனக்கு மனம் ஒப்பாத செயல். ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருங்கள் என்கிறது அஃராஃப் சூராவின் 204ஆம் ஆயத்து.

இப்போது ரமளானில் ஒரே கத்முதான். நிறுத்தி நிதானமாக ஓதுமாறு முஸ்ஸம்மில் சூராவில் வரும் கட்டளை முன்பும் என் கண்ணில் பட்டதுதான். அதையும் வேகமாகவே கடந்துபோயிருக்கிறேன்.

என்னைப் பார்த்து என் தாயாரும் 63ஆம் வயதில் உஸ்தாதின் மனைவியிடம் எழுத்துக் கூட்டப் போனார்கள். சிறு பிள்ளைகள் நடுவே திக்குவதை எண்ணிக் கூசினார்கள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபியின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை (நபிமொழியை) உஸ்தாதின் மனைவி சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. நேற்று மாலை அல்ஹம்து சூராவின் இறுதிச் சொல்லான "ளால்லீன்" என்ற இடத்துக்கு வந்திருந்தார்கள். அங்கே ஆறு ஹரகத் (ஒரு குறில் ஒலிக்கும் கால அளவு) நீட்ட வேண்டும். ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே நீட்டினார்கள். ஐந்து விரலும் மடங்கியதும், மூச்சை விடாமல், முஸ்ஹஃபைப் பிடித்திருந்த மறு கையிலிருந்து ஒரு விரலை எடுத்து மடக்கினார்கள்.