மூன்று நாள் பறக்காத காக்கை

மாடியில் ஒரு வெப்கேமை வானம் பார்க்க வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, அதன் அடியில் தேதியும் நேரமும் பொறித்து இணையத்தில் ஏற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கணினி வரிசையாக நிறைவேற்றும் கட்டளைகளை, எழுதி ஓராண்டு ஆகிறது. மொத்தம் இருபது வரிகூட இராது. அந்த இருபது வரி என்னை எப்படியெல்லாம் ஏய்த்தது என்று சொல்கிறேன். நீங்கள் பட்ட பாட்டையும் எழுதுங்கள்.

படம் எடுக்க எஃப்எஸ்வெப்கேம், எழுத்துப் பொறிக்க இமேஜ்மேஜிக், ஏற்றுவதற்கு எஃப்டிபி, நேரத்துக்கு எழுப்பிவிடக் கிரான். முதல் நாள் வந்த படமெல்லாம் ஒரே இருட்டு. கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன். உண்மையில், கேமரா விழித்ததும் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில ஃபிரேம்கள் பிடிக்கின்றன. நானோ முதல் ஃபிரேமையே பறித்துக்கொண்டிருந்தேன். இருபது ஃபிரேமைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடு என்றதும் வானம் நீலமாக வந்தது.

அடுத்துதான் காக்கை. கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அழகான படம். மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. பழகிய காக்கை போலும் என்று மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுகிறது, திரையில் பளிச்சென்று வெயில், அடியில் நிமிடம் பிசகாத நேரம்!

யூஎஸ்பி கம்பி நழுவியிருந்தது. கேமரா படம் தரவில்லை, ஆனால் கடைசியாக எடுத்த படம் கோப்பாக அப்படியே கிடந்தது. அடுத்த வரி எதையும் கேட்காமல் அதன்மேல் புது நேரத்தைப் பொறித்து, அதற்கடுத்த வரி கடமை தவறாமல் ஏற்றியிருக்கிறது. நேரமே பொறிக்காதிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் பொறித்த நேரம் பழைய படத்துக்குப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் முதலில் பழைய கோப்பை அழிக்கிறேன். படம் வரவில்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பொறிக்கும் நேரமும் அந்தக் கோப்பு உருவான நேரம்தான்.

* * *

நீங்கள் நேரம் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. என்னுடையது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, பழைய மாடல். மின்சாரம் போனால் நேரத்தைக் காத்து வைக்க அதில் கடிகார பேட்டரி கிடையாது. மின்சாரம் திரும்பி, இணையத்திலிருந்து சரியான நேரம் வந்து சேரும்வரை அது பழைய நேரத்திலேயே வாழும். நண்பகல் படத்தில் விடிகாலை நேரம் விழுந்தது அப்படித்தான். நேரம் ஒத்திசைந்த பிறகே முதல் படம் எடுக்கும்படி மாற்றினேன்.

இன்னொன்று, படத்தை நேராக அதன் இறுதிப் பெயரிலேயே ஏற்றாதீர்கள். பாதி ஏறிய நேரத்தில் யாராவது திறந்தால் மேலே வானம், கீழே சாம்பல் நிறப் பட்டை. தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் ஏறியபின் பெயரை மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

* * *

இந்த வித்தைக்கெல்லாம் மூத்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்துக் காபிக் குடுவைதான். காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க 1991-இல் கேமரா வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. 1993-இல் வலைக்கு வந்தது, 2001-இல் நிறுத்தினார்கள். உங்கள் காக்கை மாதிரி அங்கே படம் உறைந்திருந்தால் எத்தனை பேர் கோப்பையோடு ஏமாந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எனக்குப் படத்தின் அடியில் தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம். 'மேகமூட்டம்' என்று கொடுத்தேன். இரட்டைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவின் குற்றம் என்று நாலைந்தை மாற்றிப் பார்த்தேன், கொம்பு அசையவில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'ம' முதலில், கொம்பு அதன் பிறகு என்றே சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரைகிற மென்பொருளின் வேலை. இமேஜ்மேஜிக்கை அந்த வேலை தெரிந்த பாங்கோ என்ற மென்பொருள் வழியாக எழுதச் சொன்னதும் சரியாகிவிட்டது.

* * *

கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் ஓடாது என்கிறவர்கள் % குறியைப் பாருங்கள். தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்க அதை எழுதுவோம். கிரான் அட்டவணையில் வெறும் % வந்தால் கிரான் அதை வரி முடிவு என்று எடுத்துக்கொள்ளும், கட்டளை அங்கேயே அறுந்துபோகும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போடவேண்டும், அல்லது அந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று.

* * *

தொடங்கியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். % குறி பற்றிப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நாள்தோறும் ஒரு படத்தைத் தேதிப் பெயரில் தனியே சேமிக்கும் வரியைக் கிரான் அட்டவணையிலேயே நேராக எழுதியிருந்தேன். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் கோத்து ஒரு வீடியோ செய்வதாகத் திட்டம். இப்போதுதான் அந்தக் கோப்புறையை முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். காலி.