குட்டியைக் கொல்லும் ஆண் சுண்டெலி மூன்று வாரத்தில் அப்பாவாவது எப்படி?

விடியல்_விலங்கியல்:
முதுகலை விலங்கியல் படிக்கிறேன். ஒரு விஷயம் மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இணை சேராத ஆண் சுண்டெலியின் கூண்டில் பிறந்த குட்டியை வைத்தால் பல நேரம் கடித்துக் கொன்றுவிடுகிறது. அதே ஆண், இணை சேர்ந்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், குட்டிகளைக் கவ்வி வந்து கூட்டில் சேர்க்கிறது, நக்கிவிடுகிறது, மேலே கவிந்து படுத்துச் சூடு கொடுக்கிறது. கருவையும் சுமக்கவில்லை, பாலும் கொடுக்கவில்லை. அப்படியானால் அந்த உடம்பில் என்னதான் மாறுகிறது? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதுதான் காரணம் என்று வகுப்பில் சொன்னார்கள். அவ்வளவுதானா?

வளையோரம்:
அவ்வளவு இல்லை. அப்பாவாக இருப்பதற்கான நரம்பு அமைப்பு அந்த ஆணின் மூளையில் முன்பே இருக்கிறது, கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைபோதாலமஸில் மீடியல் பிரீஆப்டிக் பகுதி என்று ஒன்று உண்டு. 2014இல் ஹார்வர்டில் கேத்தரின் டுலாக்கின் குழு அங்கே காலனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்களை (நரம்பு செல்களை) தூண்டிப் பார்த்தது. இணை சேராத ஆண்கள்கூடத் தாக்குவதை நிறுத்திவிட்டுக் குட்டியை நக்க ஆரம்பித்தன. மூக்கில் பெரோமோனை, அதாவது மற்ற விலங்குகள் விடும் வேதிச் சைகைகளை, உணரும் வோமரோநேசல் உறுப்பின் வேலையை நிறுத்தினாலும் இதே மாதிரி சாந்தமாகிவிடுகின்றன.

என்னை அசர வைத்தது அந்த மூன்று வாரக் கணக்குதான். 1985இல் வாம் சால் என்ற ஆய்வாளர் காட்டியது என்னவென்றால், விந்து வெளியேறிய தருணத்திலிருந்தே ஆணுக்குள் நாள் எண்ணுவது தொடங்குகிறது. அப்புறம் 1990இல் சில எலிகளை 22 மணி நேர 'நாளிலும்' சிலவற்றை 27 மணி நேர 'நாளிலும்' வைத்தார்கள். முதல் கூட்டம் சீக்கிரம் மாறியது, இரண்டாவது தாமதமாக மாறியது. அதாவது எலி எண்ணுவது மணிக்கணக்கை அல்ல, பகலும் இரவும் எத்தனை முறை வந்துபோகின்றன என்பதை! குட்டிகள் பால் மறந்து பிரியும் காலம் தாண்டினால் பழைய குணம் திரும்பிவிடுகிறது.

காட்டுமார்க்கம்:
டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் கலிபோர்னியா எலியைக் கட்டாயம் படியுங்கள். ஒரே துணையோடு வாழ்கிற இனம், அப்பா இல்லாவிட்டால் குட்டி பிழைப்பதே கஷ்டம். டிரெய்னர், மார்லர் என்ற ஆய்வாளர்கள், டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விதைகளை நீக்கிய ஆண் எலிகளைப் பார்த்தபோது குட்டி பராமரிப்பு கூடவில்லை, குறைந்தது. டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்ததும் சரியானது. காரணம், மூளைக்குள் அது அரோமடேஸ் என்ற நொதியால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது, பாசத்தைத் தூண்டுவது அந்த ஈஸ்ட்ரோஜன். ஆக ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வருவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மார்மோசெட் குரங்கு இன்னொரு வழியில் போகிறது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி, சுமப்பதில் பெரும்பங்கு அப்பாவுக்கு. குட்டி சுமக்கும் ஆண்களின் ரத்தத்தில், தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருப்பதை 1982லேயே பார்த்துவிட்டார்கள். துணை கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் ஆணும் எடை கூடுகிறது, வரப்போகும் சுமைக்கு உடம்பு முன்னேற்பாடு செய்கிற மாதிரி. தன் குட்டியின் வாசனையை முகர்ந்தால் போதும், டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது.

இரண்டுமாதஅப்பா:
நான் உயிரியல் ஆள் இல்லை, கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருப்பவன், அதனால் ஆர்வமாகப் படித்தேன். மனிதர்களிடம் அளந்திருக்கிறார்களா?

காட்டுமார்க்கம்:
வாழ்த்துகள்! பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களை 2005இலும் 2009இலும் அளந்தார்கள். முதலில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்களே துணையோடு சேர்ந்து அப்பாவாகும் வாய்ப்பு அதிகம், அப்பாவான பின் அது நன்றாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இன்னும் குறைவு. தான்சானியாவிலும் இதே கதை: குழந்தைகளோடு அதிக நேரம் கழிக்கும் ஹட்சா என்ற வேட்டையாடி இன அப்பாக்களிடம் குறைவு, குழந்தை வளர்ப்பில் ஆண்கள் அதிகம் தலையிடாத டட்டோகா என்ற கால்நடை மேய்க்கும் இனத்தில் அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருப்பதால் உடம்பு மாறுவதில்லை, நீங்கள் விழித்திருக்கும் அந்த இரவுகளோடுதான் அது சேர்ந்து போகிறது.

விடியல்_விலங்கியல்:
ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று: சுண்டெலி அப்பா இவ்வளவு செய்கிறதே, ஆய்வக ராட் (சுண்டெலியைவிடப் பெரிய எலி இனம்) ஏன் குட்டியைக் கண்டுகொள்வதே இல்லை?

வளையோரம்:
2020இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் இதைத்தான் பார்த்தார்கள். புரோலாக்டினை அடக்கிவைப்பது ஹைபோதாலமஸில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள். சுண்டெலி ஆணில் அவை துடிக்கும் தாளமே வேறு, டோபமைன் குறைவாகச் சுரக்கிறது, புரோலாக்டின் மேலே நிற்கிறது. ராட் ஆணில் அடக்குமுறை பலமாக இருக்கிறது. அந்த ராட் ஆண்களுக்குப் புரோலாக்டின் கொடுத்துப் பார்த்தார்கள், அவையும் குட்டிகளைத் தூக்கிவந்து கூட்டில் வைத்தன.