தரம் 6 எச்.பி.வி. ஊசி: தாய்மாருக்கு என்ன சொல்லுறது?

மூதூர்_ஆசிரியை
பாடசாலையில் எச்.பி.வி. ஊசி (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்கு எதிரானது) போட முதல் தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசவேணும். கேட்கப்போறது மூன்று கேள்வி: பத்து வயசுப் பிள்ளைக்கு இப்ப எதுக்கு? பின்னாடி பிள்ளை தங்காமப் போகுமோ? எங்களுக்கும் போடலாமோ?

உப்புவெளி_தாதி
கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று நோயிலிருந்து தொடங்குங்கோ. அந்தப் புற்றுநோயில் 70 சதவீதமளவுக்கு எச்.பி.வி. 16, 18 வகைகள்தான் காரணம். தொற்று வந்தபிறகு ஊசி அதை அகற்றாது, அதனால்தான் முந்திப் போடுறது. 9 முதல் 14 வயதில் எதிர்ப்புச் சக்தியும் நல்லா உருவாகும். 2017 இல் இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தபோதே தரம் 6 என்று வைத்தது இதுக்காகத்தான்.

மலட்டுத்தன்மைப் பயத்துக்கு: ஊசியில் இருப்பது வைரசின் வெளிக்கோது மாதிரியான புரதம், ஈஸ்ட்டில் செய்தது. ஹோர்மோன் இல்லை, உயிருள்ள வைரசும் இல்லை.

கிண்ணியா_பிஎச்ஐ
பாலுறவால் தொற்றும் என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கோ. மறைத்தால் வாட்ஸ்அப்பில் அறிந்து, மற்றதையும் நம்பமாட்டினம். இன்னொன்று, கூட்டத்துக்கு வாறது தாய், பல வீட்டில் படிவத்தில் கையெழுத்து வைக்கிறது தகப்பன். அவரையும் கூப்பிடுங்கோ.

பிள்ளைகள் மயங்கி விழுறதைப் பார்த்துத்தான் வதந்தி கிளம்பும். அது பெரும்பாலும் ஊசிப் பயம். சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லுங்கோ, இருத்திப் போடுங்கோ, 15 நிமிடம் எழும்ப விடாதீங்க. கை நோவும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போயிடும். ஈஸ்ட் ஒவ்வாமையோ முந்தின ஊசிக்குக் கடும் ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லவேணும்.

மூதூர்_ஆசிரியை
ஆறு மாதம் கழித்துப் போடுற இரண்டாவது ஊசியன்று வராத பிள்ளைக்கு என்ன செய்யுறது?

கிண்ணியா_பிஎச்ஐ
ஆறு மாத இடைவெளி பிந்தினால் பிரச்சினை இல்லை, திரும்ப முதலிலிருந்து போடத் தேவையில்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்டுப் போடலாம். முந்தினால்தான் சிக்கல்: 5 மாதத்துக்குள் போட்டால் மூன்றாவதும் தேவைப்படும்.

உப்புவெளி_தாதி
தாய்மாரின் கேள்விக்கு: பெரியவர்களும் போடலாம், ஆனால் கர்ப்பகாலத்தில் இல்லை. ஏற்கெனவே தொற்று இருந்திருக்கலாம் என்பதால் பலன் குறையும். அவைக்கு ஊசியை விட முக்கியம் சுகவனிதையர் கிளினிக். 35 வயதிலும் 45 வயதிலும் பாப் பரிசோதனை (கருப்பைக் கழுத்துக் கலங்களில் மாற்றம் இருக்குதா என்று பார்க்கிறது) அங்க இலவசம். மாதவிடாய் நாளில் போகவேண்டாம், பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் உறவும் யோனிக் கிறீமும் தவிர்க்கவேணும். ஊசி போட்ட பிள்ளைகளும் அந்த வயது வந்தால் பரிசோதனைக்குப் போகத்தான் வேணும். ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது.