டார்ட்மூர் கல்வட்டம் பார்க்க அத்தான் கூப்பிடுகிறார், போகலாமா?

வாவிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். வருகிற ஜூன் மாதம் அக்கா வீட்டுக்குப் போகிறேன், இங்கிலாந்தில் எக்ஸிட்டர். லண்டனில் பாலமும் மணிக்கூடும் பார்ப்பாய்தானே என்று இங்கே ஊரே கேட்கிறது, ஆனால் அத்தானின் திட்டம் வேறு. மனிசனுக்கு டார்ட்மூர் என்றால் பைத்தியம், எக்ஸிட்டருக்குக் கிட்ட இருக்கிற பரந்த மேட்டு வெளி அது. ஃபெர்ன்வர்த்தி நீர்த்தேக்கத்தடியில் காரை விட்டுவிட்டுக் காட்டுக்குள்ளால் நடந்தால் ஒரு சின்னக் கல்வட்டமாம், அந்தக் காலத்து ஆட்கள் வட்டமாக நட்டுவைத்த கற்கள், அதையும் தாண்டி வெட்டவெளிக்குள் போனால் கிரே வெதர்ஸ் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டமாம், போய்வர அரைநாள் என்கிறார். படம் அனுப்பினார். உண்மையைச் சொன்னால், வேலி போட நட்டுவிட்டு இடையில் காசு முடிந்துபோன மாதிரி இருக்கிறது.

இதற்கு அரைநாள் நடக்கலாமா? என்னிடம் பாட்டாவும் ஓடுகிற சப்பாத்தும்தான் இருக்கிறது, போதுமா? அங்கே சதுப்பு ஆளை விழுங்கும் என்று ஒருவர் பயங்காட்டினார், அது உண்மையா? அம்மா படத்தைப் பார்த்துவிட்டு "இது ஆரோ ஆக்களின் சுடலை, போகாதே" என்று ஒரே பிடியாக நிற்கிறா. அதற்கும் யாராவது ஒரு பதில் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியான்:
தங்கச்சி, நான் எக்ஸிட்டரில் பதினொரு வருடம். அந்தப் பாதையால் மூன்று தரம் போயிருக்கிறேன், ஒரு தரம் பாதியில் திரும்பியும் வந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் சப்பாத்து. பாட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஓடுகிற சப்பாத்து காட்டுக்குள் தாங்கும், அது சல்லி போட்ட பாதை. காட்டு ஓரத்துக் கேற்றைத் திறந்து வெளியே காலை வைத்த பிறகுதான் கதை மாறும். புல் மொத்தையின் மேல் மிதித்தால் நிற்கலாம், அதற்கு ஒரு சாண் தள்ளி மிதித்தால் கணுக்கால் மூடக் கறுப்புத் தண்ணீர். நம்முடைய வயல் வட்டைக்குள் இறங்கினால் சேறு எங்கே, வரம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும், அங்கே பாசி மெத்தை மாதிரி மேலே மூடிக்கொண்டு ஒன்றையும் காட்டாது. ஆளை விழுங்குவது எல்லாம் கதைதான், சப்பாத்தை விழுங்கும், அது என் அனுபவம். கடும் பச்சையாக மினுங்குகிற இடத்தையும், வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூத்து நிற்கிற புல்லையும் கண்டால் சுற்றிப் போங்கள். அக்காவின் கால் அளவும் உங்களுடையதும் ஒன்றென்றால் அவவின் நடைச் சப்பாத்தைக் கேளுங்கள்.

மூர் என்றால் என்னவென்று விளங்காவிட்டால், ஹோர்ட்டன் சமவெளிக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருப்பீர்கள்தானே, அதில் இருக்கிற மரங்களையும் எடுத்துவிட்டு மிச்சத்தை யோசியுங்கள். உயரம் அவ்வளவு இல்லை, டார்ட்மூரின் ஆக உயர்ந்த இடமே 621 மீட்டர்தான். ஆனால் மழை? மூரின் நடுவில் இருக்கிற பிரின்ஸ்டவுன் என்ற ஊரில் வருடத்துக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் பெய்கிறது. நமக்கு மாரியில் கொட்டித் தீர்த்துவிட்டு மறுகா மாதக்கணக்கில் வெயில், அங்கே அதே மழை வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஜூனிலும் வரும். மழையைவிடப் புகார், அந்த மூடுபனிதான் பொல்லாதது. நான் பாதியில் திரும்பியது அதால்தான், பத்து நிமிடத்தில் முன்னால் போன கூட்டாளியின் முதுகு தெரியவில்லை. போனை நம்ப வேண்டாம், பல இடத்தில் சிக்னல் இல்லை. ஓஎல் 28 என்ற கடதாசி மப்பும் (வரைபடம்) திசைகாட்டியும் அத்தான் வைத்திருப்பார், இல்லாவிட்டால் வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வட டார்ட்மூரில் இராணுவம் சுட்டுப் பழகுகிற இடங்கள் இருக்கின்றன. சுடுகிற நாளில் மேட்டில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள், எல்லையில் சிவப்பு வெள்ளைக் கம்பம் நிற்கும், எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். நீங்கள் போகிற வட்டங்களைத் தாண்டி மேற்கே போகும் ஆசை அத்தானுக்கு வந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான். நிலத்தில் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடக்கூடாது. கண்ணிவெடிக்கு வைத்த மண்டையோட்டுப் பலகை பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனால் அத்தான் கொழும்பில் வளர்ந்தவர் என்றால் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டைக் காற்சட்டை வேண்டாம்.

பொத்துவில் றோட்டு:
மன்னிக்க வேணும், நான் குறுக்கே விழுகிறேன். ரிக்கற் போட்டு அவ்வளவு தூரம் போய் இடுப்புயரக் கல் பார்ப்பதா? உகந்தைக்குப் போகிற வழியில் பாறைகள் வீட்டளவில் நிற்கின்றன, குடும்பிகல மலையில் ஏறி நின்றால் காடும் கடலும் ஒன்றாகத் தெரியும், அதைப் பார்க்க நம்மட சனம் போகாது. நீங்கள் லண்டனுக்கே போங்கள் தங்கச்சி.

களுவாஞ்சிக்குடியான்:
பொத்துவில் தம்பி, பாறை தானாக நிற்கிறது. இதை மனிதன் இழுத்து வந்து நிறுத்தினான், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கரும்பலகை:
நான் அக்கரைப்பற்றுப் பக்கம், வரலாறு படிப்பிக்கிறேன். அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், உண்மையில் அது நல்ல கேள்வி.

அம்மா சொல்வது பாதி சரி. வட்டம் சுடலை இல்லை. ஃபெர்ன்வர்த்தி வட்டத்தை 1897 இல் கிண்டிப் பார்த்தபோது உள்ளே தரை முழுக்கக் கரி கிடந்தது, அதாவது அங்கே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், என்ன சடங்குக்கு என்பது கல்லில் எழுதியில்லை. ஆனால் வட்டத்துக்குக் கிட்டக் கல் குவித்த புதைமேடுகள் இருக்கின்றன, அதில் ஒன்றுக்குள் ஒரு மண்பாண்டமும் தீக்கல் கத்தியும் வந்தன. வட்டத்துக்குள் நிற்கலாம், புதைமேட்டில் ஏறி மிதிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவவும் ஒத்துக்கொள்வா. காலம் என்று பார்த்தால் நாலாயிரம் வருடமும் அதற்கு மேலும். அன்று அங்கே இன்றைக்கு இருப்பதைவிடக் கூட மரங்கள் இருந்தன, வெட்டி வெளியாக்கியதில் மனிதனுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு நீங்கள் நடக்கப் போகிற ஊசியிலைக் காடு போன நூற்றாண்டில் நட்டது, நீர்த்தேக்கம் 1942 இல் முடிந்தது, ஆகப் பழையது கல் மட்டும்தான். அதிலும் ஒரு சங்கதி: கிரே வெதர்ஸில் விழுந்து கிடந்த கற்களை 1909 இல் தூக்கி நிறுத்தினார்கள். படத்தில் வடிவாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

கிரே வெதர்ஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. கிரே என்றால் சாம்பல் நிறம், வெதர் என்றால் காயடித்த கிடாய். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கமக்காரன் வாரன் ஹவுஸ் என்ற மதுச்சாலையில் இருந்து, இந்தப் பக்கத்து ஆடுகள் உதவாது என்று குறை பேசினானாம். உள்ளூர்க்காரர் நல்லாக ஊற்றிக் கொடுத்து, புகாருக்குள்ளால் கூட்டிப்போய், "அந்தா நிற்குது பட்டி" என்று தூரத்தில் காட்டி விற்றுவிட்டார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் ஆடெல்லாம் கல். நம்முடைய கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கல் நந்தி எழும்பிப் புல் தின்றது என்கிறோம், அவர்களுக்கு உயிர் ஆடு கல்லாகிவிட்டது. அந்த மதுச்சாலை இன்றும் இருக்கிறது, 1845 முதல் அடுப்பு அணையவில்லை என்று பெருமை பேசுவார்கள், திரும்பி வரும்போது அத்தானிடம் கேளுங்கள்.

பொத்துவில் றோட்டுத் தம்பிக்கு: நம்மட ஆட்கள் கல் நிறுத்தவில்லை என்று யார் சொன்னது? கதிரவெளியில் பெருங்கற்காலப் புதைகுழிகள் பதிவாகியிருக்கின்றன, மட்டக்களப்பு திருகோணமலை வீதியில்தான். தம்புள்ளைக்குக் கிட்ட இப்பன்கட்டுவவில் பலகைக் கல் நாலு நிறுத்தி மேலே மூடிய குழிகளைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அவை டார்ட்மூரைவிட மிகப் பிந்தியவை, இரும்புக் காலம், இரண்டையும் ஒரே ஆட்கள் செய்தார்கள் என்று யாராவது காணொளி போட்டால் நம்பிவிட வேண்டாம்.

வாவிக்கரை:
போய்விட்டு வந்துவிட்டேன். கேட்டுவிட்டுப் பதில் போடாமல் இருந்தால் பாவம், அதனால் எழுதுகிறேன்.

சாக்ஃபோர்ட் என்ற ஊருக்குப் பிறகு றோட்டு நம்முடைய ஒழுங்கையைவிட ஒடுக்கம், இரண்டு பக்கமும் காரைவிட உயரமாக மண் வேலி. எதிரே ட்ரக்டர் வந்து அத்தான் பின்பக்கமாகவே அரை மைல் போனார், அக்கா கண்ணை மூடிக்கொண்டா. சின்ன வட்டம் காட்டுக்குள் ஒரு வெளியில் நிற்கிறது. படத்தில் கண்டதைவிடச் சின்னது, என் இடுப்புக்குத்தான் வரும், தெற்குப் பக்கம் கொஞ்சம் உயரம். கல்லின் விளிம்பில் ஆட்டுமயிர் சிக்கியிருந்தது. சத்தமே இல்லை. எனக்கு அந்தச் சின்னதுதான் பிடித்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

கேற்றைத் தாண்டியதும் களுவாஞ்சிக்குடி அண்ணா சொன்ன புகார் வந்தது. அத்தான் மப்பை விரித்துக்கொண்டு நிற்க, நான் "அந்தா வட்டம் தெரியுது" என்று கையைக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. அதில் ஒன்று எழும்பி நடந்தது. ஆடுகள்! அத்தான் சிரித்த சிரிப்பில் மப்பை விட்டுவிட்டார், அது தண்ணீருக்குள் போய் விழுந்தது.

அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம், விலகியது, உண்மையான வட்டங்கள் கொஞ்சத் தூரத்தில்தான் இருந்தன. ஆடுமாடு வந்து உரஞ்சி உரஞ்சி ஒவ்வொரு கல்லின் அடியும் குழியாகி, குழிக்குள் தண்ணீர் நின்றது. காற்றுக்கு ஒதுங்கி ஆளுக்கொரு கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அக்கா கட்டித்தந்த புளிச்சாதம் தின்றோம். காருக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அம்மாவின் தவறிய அழைப்பு பதினேழு.

அக்காவின் சப்பாத்தில் ஒன்றுக்கு அடி கழன்றுவிட்டது, புதிது வாங்கிக் கொடுத்தேன், விலையை இங்கே எழுத மனமில்லை.

கரும்பலகை சேர், வருகிற மாதம் ஒரு ஞாயிறு கதிரவெளிக்குப் போக நினைக்கிறோம். அத்தானின் தம்பியின் வான் இருக்கிறது, ஆறு பேர் வரலாம், டீசல் காசு பங்கு. நீங்கள் வந்தால் நல்லது. பொத்துவில் அண்ணாவுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

பொத்துவில் றோட்டு:
கட்டுச்சோறு உண்டா?