ஃபைபர் வந்தபிறகு ஊரில் வருமானம் கூடியதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன்தான் தொழில். 2016-ல் ஜியோ வந்ததும் ஊரே யூடியூப் பார்க்க ஆரம்பித்தது, சரி, ஆனால் எனக்குச் சோறு போடுவது அப்லோடு. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ட்ரோன் எல்லாம் சேர்த்தால் 100 ஜிபி சாதாரணமாக வந்துவிடும், மொபைல் நெட்டில் 2 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைத்தால் அதை அனுப்ப நாலரை நாள் ஓடவேண்டும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல். அதனால் ஹார்ட் டிஸ்கை பஸ் பார்சலில் போட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக்கொண்டே இருப்போம். இப்போது கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபரில் 100 எம்பிபிஎஸ், ஏறவும் இறங்கவும் ஒரே வேகம். ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கோவை, சென்னை ஸ்டுடியோக்கள் நேரடியாகவே வேலை தருகின்றன. "ஊர்லதானே இருக்கீங்க, வாடகையா ஒண்ணா" என்று ரேட்டைக் குறைப்பார்கள், அது தனி எரிச்சல்.

* * *

நான் அந்தக் கேபிள்காரர் ஜாதி! ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்துக்கு 2011-லேயே ஒப்புதல் கொடுத்தார்கள், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சி, ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் வரை கேபிள் வந்தால் போதுமா, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு இழுக்க, அணில் கடித்தால், ஜேசிபி அறுத்தால் ஓடிப்போய் ஒட்ட, உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த வேலை எங்களைப் போன்றவர்களுக்கு வந்தது, டிவி கனெக்‌ஷன் குறைந்துகொண்டே போன நேரத்தில் பிழைத்தோம். கஷ்டம் வசூலில். டிவிக்கு "அறுவடை முடியட்டும் தம்பி" என்பார்கள், விட்டுவிடலாம். நெட்டுக்கு எனக்கு லைன் தரும் கம்பெனிக்கு நான் முன்பணம் கட்டினால்தான் லைன் ஓடும். அப்புறம் கரண்ட் போனால் நெட்டும் போச்சு என்று எனக்குத்தான் திட்டு. மினி யூபிஎஸ் வாங்கி வையுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்.

* * *

இரண்டு பேரும் சொல்வது சரிதான் அண்ணா, ஆனால் லைன் மட்டும் ஆளை ஊரில் நிறுத்தாது. கொரோனா சமயத்தில் எங்கள் தெருவில் ஐடி பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள், மளிகைக்கடை, இட்லிக்கடை எல்லாம் நன்றாக ஓடியது. கம்பெனி திரும்பக் கூப்பிட்டதும் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள், லைன் அப்படியே இருக்கிறது. தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2011-லேயே ஆபீசையே கொண்டுவந்தது, அங்கே சம்பளம் உள்ளூரிலேயே புழங்குகிறது. அது வேறு கணக்கு.

எடிட்டிங் அண்ணாவுக்கு: என் தம்பி ஃபோட்டோஷாப் நன்றாகச் செய்வான், ஆல்பம் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். ரேட்டை மட்டும் குறைக்காதீர்கள்!